காந்தமும் அவள் செய்த கதவும்

என் நாத்தனாரைப் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காந்தம் என்றுதான் கூப்பிடுவார்கள். இடித்த வீடுகளிலிருந்து வருகிற உத்தரம், நிலை, கதவு, பலகை எல்லாவற்றையும் வாங்கி, அதில் மேசையும் கட்டிலும் அலமாரியும் செய்து விற்கிற பட்டறை எங்களுடையது. பழைய மரத்தில் ஆணிக்குப் பஞ்சமே இல்லை. படம் மாட்ட, கொடி கட்ட, கோபம் வந்தால் சும்மாவேனும் என்று எவனெவனோ அடித்துத் தொலைத்த ஆணிகள், தலை உடைந்து, துருப்பிடித்து, மேலே நாலு கோட்டிங் பெயின்ட்டோடு கண்ணுக்கே தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் ரம்பத்தில் விட்டால் ரம்பத்தின் பல் தெறிக்கும். தெறித்த பல் யார் உடம்பில் போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஆணிகளைத் தேடிப் பிடுங்குவதுதான் அவள் வேலை. மற்ற பட்டறைகளில் ஒரு காந்தக் கட்டையை மரத்தின்மேல் இழுத்துப் பார்ப்பார்கள். இவள் உள்ளங்கையை வைத்துத் தடவுவாள். "மந்திரமெல்லாம் இல்ல அண்ணி, ஆணி இருக்கிற எடத்துல மரம் ஒரு நூல் உப்பியிருக்கும், இல்லன்னா ஒரு நூல் பள்ளமா இருக்கும்" என்பாள். எனக்கு இருபது வருஷம் தடவினாலும் அந்த ஒரு நூல் தட்டுப்படாது. நான் பாலிஷ் போடுகிறவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாலிஷும் என் வாயும்தான்.

ஒரு மரத்தில் எல்லா ஆணியும் எடுத்து முடித்ததும் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதன் குறுக்கே ஒரு சாய்கோடு இழுப்பாள். அந்தக் குறி விழுந்துவிட்டால் அந்த மரத்தை வேறு யாரும் மறுபடி தடவிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், குறி போட்டவளை நம்பவில்லை என்று அர்த்தம். எங்கள் பட்டறையில் அது செருப்பால் அடிப்பதற்குச் சமம். என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், குறியைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு மரத்தை ரம்பத்தில் தள்ளுவார். அந்தப் பழக்கத்தில் எங்களுக்கு அவ்வளவு பெருமை.

அவளைக் கட்டியவன் லாரிக்காரன். கட்டடம் இடிக்கிற இடங்களிலிருந்து எங்களுக்கு மரம் கொண்டுவருகிறவன் அவன்தான். மாப்பிள்ளையும் ஆச்சு, மரமும் ஆச்சு என்று என் வீட்டுக்காரர் கொடுத்த சம்பந்தம். பேச்சு தேனாக இருக்கும். கை மட்டும் இடிக்கிற இடத்தில் பழகிய கை. கட்டிய மூன்றாவது மாதமே அவள் காதோரம் வீங்கி வந்தாள். கேட்டால், பலகை இடித்துவிட்டது என்றாள். பலகை என்ன அஞ்சு விரலோடவா இருக்கும் என்று நான் கேட்டேன். அவள் சிரித்துவிட்டுப் போய் ஆணி பிடுங்கினாள்.

மூன்று தடவை வீட்டை விட்டு வந்தாள். முதல் தடவை, பெல்ட்டால் அடித்ததில் முதுகுத் தோல் உரிந்திருந்தது. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லி அண்ணனே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். இரண்டாவது தடவை, இடுப்பில் மகளை வைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் குழந்தையின் நெற்றியிலும் ரத்தம். அன்றைக்கு அவள் துணிமணியைப் பையில் எடுத்து வைத்துத் திருப்பி அனுப்பியது நான். ஆமாம், நான்தான். லாரி வராமல் பட்டறையில் ஒரு வாரம் மரம் இல்லை, வேலையாட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், வீட்டில் எரிச்சல். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றேன். ஊரில் எல்லோரையும் கிழிக்கிற வாய், அன்றைக்கு அப்படித்தான் பேசியது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாவது தடவையும் அனுப்பினோம். அவள் திரும்பிப் போன நாலாம் மாதம் லாரியின் பின்கதவை அவள் வலது மணிக்கட்டின்மேல் போட்டு மூடிவிட்டான். சும்மா இல்லை, இரண்டு தடவை. எதற்காக என்றால், அவன் கொண்டுவந்த உத்தரம் உள்ளே செல்லரித்தது என்று அவள் அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போனது. மாவுக்கட்டோடு, எட்டு வயது மகளோடு, ஒரு மாற்றுத் துணிகூட இல்லாமல் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"இந்தத் தடவ என்னை அனுப்பினீங்கன்னா, அண்ணி, நான் போவேன். ஆனா திரும்பி வர மாட்டேன். பொணமாத்தான் வருவேன்" என்றாள். அழவில்லை. விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவளை வைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனாலும் தங்கையாயிற்றே. ஒரு வாரம்கூட அவள் சும்மா இருக்கவில்லை. இடது கையால் தடவினாள், இடது கையால் ஆணி பிடுங்கினாள், முழங்காலை மரத்தில் ஊன்றிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பாள். "ரெண்டு கை இருக்கிறவன் எல்லாம் வெக்கப்படணும்யா" என்று மொட்டைத் தச்சர் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். பட்டறையின் மூத்த வேலையாள் அவர், தலையில் ஒரு முடி கிடையாது, வாயில் ஒரு பொய் கிடையாது.

லாரிக்காரன் ஒரு மாதம் தலைகாட்டவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் லோடோடு வந்தான். அவள் இடது கையால் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மச்சான், ஒத்தக் கைக்காரிய நம்பி ரம்பம் ஓட்டுறீங்க. பாத்துக்கோங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்" என்றான்.

"இறக்கிட்டுக் கெளம்பு மாப்ள" என்றார் என் வீட்டுக்காரர். அதைக்கூட மரியாதையாகத்தான் சொன்னார்.

அவன் மரத்தை இறக்கினான். நாங்கள் எல்லோரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது லாரி போய்விட்டிருந்தது.

பதினொரு மணி இருக்கும். என் வீட்டுக்காரர் குறி போட்ட மரங்கள் அடுக்கியிருந்த இடத்திலிருந்து ஒரு நிலைச் சட்டத்தை எடுத்தார். வட்டம் இருந்தது, கோடு இருந்தது. ரம்பத்தில் தள்ளினார். பாதி வரைக்கும் வழக்கமான சத்தம். அப்புறம் ஒரு சத்தம் வந்தது, அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மரம் துள்ளி அவர் நெஞ்சில் இடித்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம் கொட்டியது. வலது கண் இருந்த இடத்தில் ரம்பத்தின் பல் ஒன்று புதைந்திருந்தது.

மொட்டைத் தச்சரும் இன்னொருவரும் அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். ஏறுகிற நேரத்தில் அவர் கையை நீட்டித் தங்கையைப் பிடித்து இழுத்து, கண் தெரியாமலேயே ஓங்கி ஒரு குத்து விட்டார். அது அவள் மாவுக்கட்டில் விழுந்தது. அவள் கத்திய கத்தல் தெரு முழுக்கக் கேட்டது. ஆட்டோ போனதும் நான் திரும்பினேன். என் புருஷன் கண் போய்விட்டது, எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினேன். கன்னத்தில் மாறி மாறி அறைந்தேன். "சோறு போட்ட வீட்டுக்கு இதுதானாடி நீ செய்யறது, ஒரு கையில வேல செய்ய முடியலன்னா வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே" என்றேன். அவள் மகள் என் புடவையைப் பிடித்து இழுத்து, "அத்தை, அடிக்காதீங்க அத்தை" என்று கதறினாள். லாரிக்காரன் செய்ததற்கும் நான் செய்ததற்கும் அந்த அஞ்சு நிமிஷத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

நான் அடித்து ஓய்ந்ததும் அவள் வாயைத் துடைத்துக்கொண்டு ரம்பத்தருகே போனாள். பாதி அறுபட்ட சட்டத்தைப் புரட்டினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அண்ணி, இது நான் போட்ட குறி இல்ல" என்றாள்.

"யானைக்கும் அடி சறுக்கும், தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லு. பொய் சொல்லாத."

"இங்க வந்து பாருங்க. நான் இப்ப இடது கையால போடுறேன். என் கோடு இடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ எறங்கும். இது வலது கைக்காரன் கோடு. மேல் நுனி வலது பக்கம் இருக்கு."

அடுக்கிலிருந்த மற்ற மரங்களைப் பார்த்தேன். ஒரு மாதமாக அவள் போட்ட குறி எல்லாவற்றிலும் கோடு ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. இந்தச் சட்டத்தில் மட்டும் எதிர்ப்பக்கம். எட்டு ஒன்பது வருஷமாக அவள் வலது கையால் போட்டு லாரிக்காரன் பார்த்துப் பழகிய குறி அது. அந்தக் கையை அவனே ஒடித்ததை, நாங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் குறி போடும்போது அவன் மறந்துபோயிருக்கிறான். சட்டத்தின் உள்ளே நாலு அங்குல ஆணி மூன்று, வரிசையாக இருந்தன. அவள் பெயரைக் கெடுத்துப் பட்டறையை விட்டுத் துரத்தினால் தன் காலில் வந்து விழுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். யார் கண் போனால் அவனுக்கென்ன.

அங்கேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அண்ணி" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே எவ்வளவு பரவாயிருக்கிறது என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்குக் கண்ணை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டைத் தச்சரும் கூட இருந்து சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார்.

"சாக்பீஸ் கோட்ட வச்சு ஒருத்தன உள்ள தள்ள முடியுமா" என்றார்.

"தள்ளிப் பாப்போம். போலீசுக்குப் போறேன் நான்."

"போய்? நாளைக்கு மரம் யாரு கொண்டுவருவா? பட்டறைய இழுத்து மூடிட்டு நீ பிச்ச எடுப்பியா?"

ஒரு கண் போன மனுஷன், கண்ணைப் பிடுங்கினவனுடைய லாரியை நினைத்துக் கவலைப்படுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிலோடு கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது. மொட்டைத் தச்சர், "உங்க மூளைக்கும் சேத்து ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். நானும் போலீசுக்குப் போகவில்லை. புருஷன் படுக்கையில் கிடக்கும்போது எதற்கு என்று தள்ளிப்போட்டேன்.

காந்தம் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பினாள். அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்கு முன்பே போய்விட வேண்டும் என்றாள். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஒரே ஒரு அறை கிடைத்தது. கதவு என்று பேருக்கு ஒரு தகரம் தொங்கியது. அறையின் சொந்தக்காரரிடம் கேட்டு, அந்தத் தகரத்தைக் கழற்றிவிட்டுத் தானே ஒரு கதவு செய்தாள். எங்கள் பட்டறையில் யாரும் சீண்டாமல் கிடந்த பழைய பலகைகள், இரண்டு அங்குலக் கனம், கறுத்துப்போன தேக்கு. மொட்டைத் தச்சர் பிடித்துக்கொள்ள, இடது கையால் இழைத்தாள். பழைய ஆணித் துளைகளில் எல்லாம் மரத்தைச் சீவி அடைத்தாள். சேர்க்கிற இடத்தில் ஒரு இரும்பு ஆணிகூட அடிக்கவில்லை, துளை போட்டு மர முளைதான் இறக்கினாள்.

"ஏன்டி இவ்வளவு மெனக்கெடற, நாலு ஆணி அடிச்சா முடிஞ்சுபோச்சு" என்றேன்.

"எந்த ஆணியும் ஒருநாள் கழண்டு வரும் அண்ணி. நான் எத்தன புடுங்கியிருக்கேன்" என்றாள்.

உள்பக்கம் குறுக்கே போட ஒரு கட்டையும் செய்தாள். அந்த அறை இருக்கிற இடம் எனக்கும் மொட்டைத் தச்சருக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். அவர் தலையாட்டினார்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். மாவுக்கட்டு பிரித்திருந்தார்கள். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. குழந்தை தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் கனமான காலடி கேட்டது. அவள் எழுந்தாள். கட்டையைக் குறுக்கே போட்டாள். அதற்குள் கதவில் முதல் உதை விழுந்தது.

"திறடி. எங்க போய் ஒளிஞ்சாலும் விட்டுடுவேனா? உங்க அண்ணன்தாண்டி அட்ரஸ் குடுத்தான். போய்க் கூட்டிட்டுப் போ மாப்ளன்னு அவனே சொன்னான்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் முகம் அப்படியே இருந்தது. குழந்தையைத் தூக்கி மூலையில் உட்காரவைத்து, "காதப் பொத்திக்கோ" என்றாள்.

அவன் உதைத்தான். தோளால் மோதினான். கீழே போய் லாரியிலிருந்து கடப்பாரை எடுத்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு குத்துக்கும் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. பலகையில் பள்ளம் விழுந்தது, ஆனால் ஒரு முளைகூட நகரவில்லை. பலகை அசையாததைப் பார்த்துவிட்டு நிலைக்கும் கதவுக்கும் நடுவில் கடப்பாரையை விட்டு நெம்பினான். மூன்று விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டது. கடப்பாரையை முட்டுக் கொடுத்துக்கொண்டு, அந்த இடைவெளியில் வலது கையை உள்ளே விட்டுக் குறுக்குக் கட்டையைத் தேடினான். அவன் விரல்கள் என் மூக்குக்கு நேரே, கட்டையை எட்டிவிட்டன.

அவள் சுத்தியலை எடுத்தாள். அந்த விரல்களைக் கட்டையோடு சேர்த்து அடித்தாள். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவன் அலறிக்கொண்டு கையை இழுக்கப் பார்த்தான், கடப்பாரை சரிந்து இடைவெளி மூடிக்கொண்டதில் கை மாட்டிக்கொண்டது. இரண்டாவது அடி அடித்தாள். மூன்றாவதும் அடித்தாள். கட்டையிலும் அவள் முகத்திலும் ரத்தம் தெறித்தது. நான் தடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யார் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். நாலாவது அடிக்கு ஓங்கியவள், மூலையில் குழந்தை இருப்பதைப் பார்த்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தாள். கதவை ஒரு நூல் உள்பக்கம் இழுத்து விட்டுக்கொடுத்தாள். அவன் கை வெளியே போனது. படிக்கட்டில் அவன் உருண்டு விழுகிற சத்தம் கேட்டது.

கீழே சைக்கிள் கடைக்காரரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து அவனை அமுக்கிப் பிடித்தார்கள். விழுந்த அடியில் பாதி அவர்கள் கொடுத்ததுதான். போலீஸ் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அப்போதும் அவள் கட்டையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் மறுபடியும் காலடி. மெதுவாக, சுவரைத் தடவிக்கொண்டு ஏறுகிற காலடி. யாரோ போன் செய்திருக்கிறார்கள். எனக்கு அது யார் என்று தெரியும். ஒரு கண் போன பிறகு அவருக்குப் படியின் ஆழம் பிடிபடுவதில்லை.

"நான்தாம்மா. அண்ணன் வந்திருக்கேன். அவனக் கொண்டு போயிட்டாங்க. தெற" என்றார்.

அவள் முகத்திலிருந்த ரத்தத்தைக் குழந்தையின் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் திருந்திட்டேன்னு சொன்னாம்மா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டான். நீ நல்லா வாழணும்னுதான் சொன்னேன். இப்படிப் பண்ணுவான்னு நான் கனவா கண்டேன்?" அவர் குரல் உடைந்துபோயிற்று. "என் கண்ணே போயிருக்கு, நான் உனக்குக் கெட்டது நெனப்பேனா? தெறம்மா."

வேலியே பயிரை மேய்கிறது என்பார்கள். வேலி அழுவதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு அவர்மேல் பரிதாபமாகவும் இருந்தது, அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போலவும் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். என் கை தானாகக் கட்டைமேல் போனது.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதட்டவில்லை, தடுக்கவில்லை. நான் என்ன செய்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது தடவை நான் அவள் துணியைப் பையில் எடுத்து வைத்தபோதும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். அன்றைக்கு நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணனப் போகச் சொல்லுங்க அண்ணி" என்றாள்.

நான் கட்டையிலிருந்து கையை எடுத்தேன்.

"நீங்க போங்க" என்றேன் கதவைப் பார்த்து.

"நீயுமா?" என்றார் அவர். "சரி, அவதான் தெறக்கல. நீ வெளிய வா, வீட்டுக்குப் போலாம்."

"நான் வரல. நீங்க போங்க."

அவர் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். பிறகு ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கிப் போனார்.